செத்த பிறகும் வேலை: ஜாம்பி வந்த வழி

போன கோடை விடுமுறையில் நண்பர் ஒருவர் எங்கள் படிப்பகத்துக்குப் பழைய கணினி ஒன்றைக் கொடுத்தார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மாதிரித் தேர்வு எழுதட்டும் என்றுதான் அதை வாங்கி வைத்தோம். இரண்டே நாளில் பையன்கள் அதில் 'ரெசிடென்ட் ஈவில் 5' விளையாட்டை ஏற்றிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊர். தகரக் கூரை, மண் சுவர், புழுதி. சந்து சந்தாக ஓடி வரும் கறுப்பு மனிதர்கள். துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரக் கதாநாயகன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் அரை மணி நேரம் சுட்டுத் தள்ளிவிட்டுத் திரும்பிச் சொன்னான்: "அண்ணே, சுடுறவன்தான் வேற மாதிரி இருக்கான். சாகுறவனெல்லாம் நம்மாளு மாதிரியே இருக்கான்." சொல்லிவிட்டு மறுபடி சுட ஆரம்பித்தான்.

அன்று எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. "தேர்வுக்குப் படிங்கடா" என்று கணினியை அணைத்தோம். ஆனால் அவன் சொன்னது விடவில்லை. திகில் படம், திகில் தொடர், திகில் விளையாட்டு எல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். அரசியல் படம் என்றால் கூட்டம் போட்டு விவாதிக்கிறோம். பேய்ப் படம் என்றால் பாப்கார்னோடு போய்விட்டு வந்துவிடுகிறோம். பயம் என்பது எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரி வருகிற இயற்கை உணர்ச்சி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையா? பயத்தைத் தயாரிக்கிறவர்கள் யாருடைய பயத்தைத் தயாரிக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு ஜாம்பி வந்த வழியைத் தேடிப் போனோம். கிடைத்ததை இங்கே எழுதிவைக்கிறோம்.

ஜாம்பி என்றதும் கண்ணில் வருவது என்ன? கிழிந்த உடை, அழுகிய முகம், கையை நீட்டிக்கொண்டு தள்ளாடி வரும் கூட்டம். கடித்தால் கடிபட்டவரும் அதுவாகிவிடுவார். மண்டையில் சுட்டால்தான் விழும். 2016இல் வந்த 'மிருதன்' தமிழின் முதல் ஜாம்பி படம். அதிலும் ஏறக்குறைய இதே விதிகள். கதாநாயகன் ஊட்டியில் ஒரு போக்குவரத்துக் காவலர். இந்த விதிகளெல்லாம் 1968க்குப் பிறகு நிலைபெற்றவை. அதற்கு முன்னால் ஜாம்பி யாரையும் கடிக்கவில்லை, யாரையும் தின்னவில்லை. அது செய்தது ஒன்றே ஒன்றுதான். வேலை.

இன்றைய ஹைட்டி, 18ஆம் நூற்றாண்டில் சான் தொமாங்க் என்ற பிரெஞ்சுக் காலனி. ஐரோப்பா தின்ற சர்க்கரையிலும் குடித்த காப்பியிலும் பெரும்பங்கு அந்தச் சிறு நிலத்திலிருந்து போனது. 1789 வாக்கில் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள். வெள்ளையர் சுமார் 30 ஆயிரம் பேர். வெட்டிய கரும்பு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். கரும்பை ஊட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தில் கையை உருளைக்குள் விட்டுவிட்டால், முழு உடலையும் இழுத்துக்கொள்வதற்குள் கையை வெட்டியெடுக்கப் பக்கத்திலேயே கத்தியைத் தயாராக வைத்திருப்பார்கள். 1685இல் பிரெஞ்சு அரசர் போட்ட 'கறுப்பர் சட்டம்' அடிமையை அசையும் சொத்து என்று எழுதிவைத்தது. மேசை, நாற்காலி வரிசையில் மனிதர். பிறப்பைவிட இறப்பு அதிகமாக இருந்த மண் அது. செத்தவருக்குப் பதில் ஆள் அடுத்த கப்பலில் வந்து இறங்கும்.

அந்த மக்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. செத்தால் உயிர் கடலைத் தாண்டி, தங்கள் முன்னோர் மண்ணுக்கு, 'கினே'வுக்குத் திரும்பிப் போய்விடும். சாட்டையும் கங்காணியும் இல்லாத இடம் அது. அப்படியானால் சாவுதான் கடைசி விடுதலை. அந்த விடுதலையைத் தாங்களே தேடிக்கொண்டவர்கள் பலர். பண்ணையாருக்கு அது சொத்து இழப்பு.

ஜாம்பி இந்த இடத்தில்தான் வருகிறது. மந்திரவாதி ஒருவன் செத்தவரைக் குழியிலிருந்து எழுப்புகிறான். நினைவு இல்லை, பெயர் இல்லை, சொந்த விருப்பம் இல்லை. உடல் மட்டும் இருக்கிறது. அந்த உடலை வயலில் இறக்கி வேலை வாங்குகிறான். கினேவுக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. செத்த பிறகும் வேலை, முடிவே இல்லாத வேலை. 1797இல் அந்தக் காலனியைப் பற்றி விரிவாக எழுதிய மொரோ த சான் மெரி, ஜாம்பி என்பது ஆவியைக் குறிக்கும் கிரெயோல் சொல் என்று குறித்துவைத்தார். உழைக்கும் பிணம் என்ற பொருள் அந்தச் சொல்லின் மேல் படிந்ததற்குப் பண்ணையின் நினைவைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

தோழர்களே, இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஹைட்டியின் உழவர்கள் ஜாம்பி வந்து தங்களைக் கடிக்கும் என்று பயப்படவில்லை. தாங்களே ஜாம்பி ஆகிவிடுவோமோ என்று பயந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு பண்ணையில் கட்டிப்போடப்பட்ட குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைப்பதும், அவன் செத்தால் அவன் மகன் உழைப்பதும் நாம் அறியாததா?

இந்த நம்பிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. ஜாம்பிக்கு உப்பு போடக் கூடாது. உப்பில்லாத கூழ் மட்டுமே ஊற்ற வேண்டும். தெரியாமல் உப்பு நாக்கில் பட்டுவிட்டால் அதற்கு நினைவு வந்துவிடும். தான் யார், தன்னை என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். பிறகு எந்தக் கங்காணியாலும் தடுக்க முடியாது. வேலையைப் போட்டுவிட்டுத் தன் குழியைத் தேடி நடந்துவிடும். இதைப் படித்தபோது எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ரோஷம் இல்லாதவனைப் பார்த்து நம் ஊரில் என்ன கேட்கிறோம்? "சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?" கடல் கடந்த இரண்டு மண்ணில், ஒன்றையொன்று அறியாமல், உப்புக்கு ஒரே பொருள்.

1791 ஆகஸ்டில் சான் தொமாங்க் பற்றி எரிந்தது. 12 ஆண்டுப் போருக்குப் பின் 1804 ஜனவரி 1இல் ஹைட்டி விடுதலையை அறிவித்தது. அடிமைகள் தாமே எழுந்து ஒரு நாட்டை உருவாக்கிய வரலாறு அது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பண்ணையார்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் ஈடு கேட்டது. பின்னால் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். பண்ணையார்கள் இழந்த சொத்தில் அந்த மனிதர்களும் அடக்கம். தன்னையே விலை கொடுத்து வாங்கிய கடனை ஹைட்டி தலைமுறை தலைமுறையாகக் கட்டியது. ஒரு நாட்டையே ஜாம்பி ஆக்குவது என்றால் இதுதான்.

சினிமாவுக்குள் ஜாம்பி எப்படி நுழைந்தது என்பதைப் புரிந்துகொள்ள 1915க்கு வர வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகையில் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தைத் திரையிட்டார். கறுப்பின ஆணை வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் அரக்கனாகவும், கு க்ளக்ஸ் கிளானை மீட்பர்களாகவும் காட்டிய படம். அதே ஆண்டு ஜூலையில் அதே வில்சன் ஹைட்டிக்குக் கடற்படை வீரர்களை அனுப்பினார். ஆக்கிரமிப்பு 1934 வரை, 19 ஆண்டுகள் நீடித்தது. சாலை போடப் பழைய கட்டாய உழைப்புச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். வழியில் போகிற உழவர்களைப் பிடித்துக் கயிற்றில் பிணைத்து வேலைக்கு இழுத்துப் போனார்கள். எதிர்த்துப் போரிட்ட ஷார்ல்மாஞ் பெரால்த்தை 1919இல் சுட்டுக் கொன்று, பிணத்தைக் கதவு ஒன்றில் கட்டிப் படமெடுத்து, மற்றவர்கள் பயப்படட்டும் என்று ஊர் ஊராகப் பரப்பினார்கள். பயத்தைப் படமாக்கிப் பரப்பும் வேலையைச் சினிமாவுக்கு முன்பே ராணுவம் செய்துவிட்டது.

1920இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஹைட்டிக்குப் போய் இந்தக் கொடுமைகளை எழுதி அம்பலப்படுத்தினார். அந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ். அவருடைய தந்தை பிறந்தது ஹைட்டியில். 1946இல் நம் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டு பாய்ஸுக்குத்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கவிருந்த மனுவின் படிகளைக் கேட்டு எழுதினார். டு பாய்ஸும் பதில் எழுதினார். 'ஹைட்டிக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்களுக்காக இதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் ஹைட்டிக்குப் போன அமெரிக்கர்களில் வில்லியம் சீபுரூக் என்ற எழுத்தாளரும் ஒருவர். 1929இல் வந்த அவருடைய 'தி மேஜிக் ஐலண்ட்' நூலில்தான் அமெரிக்க வாசகர்கள் ஜாம்பியைப் பரவலாகத் தெரிந்துகொண்டார்கள். அந்த நூலில் ஜாம்பிகள் வேலை செய்யும் இடம் எது தெரியுமா? ஹாஸ்கோ எனப்பட்ட அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு வயல். கூலிக்கு ஆள் பிடித்து வரும் ஒருவன் செத்தவர்களைக் கூட்டி வந்து அவர்கள் கூலியைத் தான் வாங்கிக்கொள்கிறான். ஒரு நாள் உப்புப் போட்ட பருப்பு மிட்டாய் அவர்கள் வாயில் பட்டுவிட, எல்லோரும் எழுந்து தங்கள் மலைக் கிராமத்துக்கு நடந்துவிடுகிறார்கள். சீபுரூக் இதை மர்மக் கதையாகவே எழுதினார். எங்களுக்கு அது தொழிலாளர் பிரச்சினை பற்றிய அறிக்கையாகத்தான் படுகிறது.

மூன்றே ஆண்டில், 1932இல், விக்டர் ஹால்ப்பெரின் இயக்கத்தில் 'வைட் ஜாம்பி' வந்தது. முதல் முழுநீள ஜாம்பி படம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். அதில் ஒரு காட்சியை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரிய மர ஆலை. ஜாம்பிகள் சக்கரத்தைத் தள்ளிச் சுற்றுகிறார்கள். கூடையில் கரும்பு கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆலையின் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒருவர் தடுமாறி ஆலைக்குள் விழுகிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரம் நிற்கவில்லை. நூறு ஆண்டு கடந்தும் அந்தக் கத்தியும் உருளையும் அந்தக் காட்சிக்குள் வந்துவிட்டன, இயக்குநர் நினைத்தாரோ இல்லையோ.

ஆனால் படம் அந்த மனிதருக்காகப் பயப்படவில்லை. சில நிமிடங்களில் அவரை மறந்துவிடுகிறது. படத்தின் பயம் முழுவதும் ஒரு வெள்ளை மணப்பெண்ணைப் பற்றியது. அவளையும் ஜாம்பி ஆக்கிவிட்டார்களே! பெயரைப் பாருங்கள், 'வெள்ளை ஜாம்பி'. கறுப்பர் ஜாம்பி ஆனால் அது நடைமுறை. வெள்ளைக்காரி ஆனால் அது திகில். ஜாம்பி கை மாறியது இந்தப் படத்தில்தான். அடிமையின் பயத்தை எடுத்து ஆண்டையின் பயமாக மாற்றித் தைத்துவிட்டார்கள்.

1943இல் ழாக் தூர்னர் இயக்கிய 'ஐ வாக்டு வித் எ ஜாம்பி' கொஞ்சம் நேர்மையான படம். கரீபியத் தீவுக்கு வேலைக்கு வரும் வெள்ளைச் செவிலியிடம், குதிரை வண்டி ஓட்டும் கறுப்பர், தம் முன்னோர் சங்கிலியில் கட்டப்பட்டுக் கப்பலில் வந்த கதையைச் சொல்கிறார். அவள் அழகான இடம்தானே என்று பட்டும் படாமல் பேசிவிடுகிறாள். அந்தத் தீவில் குழந்தை பிறந்தால் அழுவார்கள், சாவு விழுந்தால் மகிழ்வார்கள் என்றும் படத்தில் வருகிறது. அது அடிமைக் காலத்து வழக்கமாம். இவ்வளவு தெரிந்த படமும் கடைசியில் பெரிய வீட்டுக்குள் நடக்கும் அண்ணன் தம்பிச் சண்டையோடு முடிந்துபோகிறது.

இங்கே தொலைக்காட்சியின் கதையைச் சொல்லிவிடுகிறோம். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலையாளிகளை விடுதலை செய்தது. ராட் செர்லிங் என்ற தொலைக்காட்சி எழுத்தாளர் இதை நாடகமாக்க முயன்றார். விளம்பரதாரர்கள் பயந்துபோய் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார்கள். கதை நடக்கும் இடம் தெற்கிலிருந்து வடக்குக்குப் போனது. செத்தவன் யாரோ ஓர் அந்நியன் ஆனான். மேடையில் கோக கோலா பாட்டில்கூட இருக்கக் கூடாது, அது தெற்கை நினைவூட்டும் என்றார்களாம்! நேராகச் சொல்ல முடியாது என்று புரிந்துகொண்ட செர்லிங் 1959இல் 'தி ட்விலைட் ஸோன்' தொடரைத் தொடங்கினார். மனிதர் சொன்னால் வெட்டப்படுகிற வசனத்தை வேற்றுக்கிரகவாசி சொன்னால் விட்டுவிடுகிறார்கள். திகிலும் மாயமும் தணிக்கைக்குத் தப்பும் வழி ஆயின. நம் ஊரிலும் ஆணவக் கொலையை நேராக எடுக்கத் தயங்கும் தயாரிப்பாளர், செத்த பெண் பேயாக வந்து பழிவாங்கினால் பணம் போட்டுவிடுவார். அதைத் தனியாக எழுத வேண்டும்.

இனி 1968. பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர்கள் சிலர் காசு சேர்த்து, ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. ஆனால் இன்று நமக்குத் தெரிந்த ஜாம்பியின் இலக்கணம் எல்லாம் இதில்தான் பிறந்தது. இப்போது ஜாம்பிக்கு எஜமானன் இல்லை. வேலை இல்லை. அது கூட்டமாக வருகிறது, மனிதரைத் தின்கிறது, கடித்தால் ஒட்டிக்கொள்கிறது.

உழைக்கும் பிணம், தீட்டுப் பிணம் ஆனது. இந்த மாற்றத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். தொட்டால் தீட்டு என்ற விதிக்குள் வளர்ந்த நமக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அவர்கள் வந்துவிடுவார்கள், தொட்டுவிடுவார்கள், நாமும் அவர்களைப் போல ஆகிவிடுவோம், ஆகவே சுவர் எழுப்பு. உத்தபுரத்துச் சுவரைக் கட்டியவர்கள் ஜாம்பி படம் பார்த்தா கட்டினார்கள்?

ஆனால் ரொமேரோவின் படம் அதோடு நிற்கவில்லை. பண்ணை வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஏழு பேரில், நிதானமாக யோசித்து, பலகை அடித்து, மற்றவர்களைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர் பென். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், ஒரு கறுப்பர். திரைக்கதையில் அந்தப் பாத்திரத்தின் நிறம் குறிப்பிடப்படவில்லை. நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறந்தவர், அதனால் எடுத்தோம் என்று ரொமேரோ கடைசிவரை சொல்லிவந்தார். கல்வியாளரான ஜோன்ஸ், முரட்டு லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்த பென்னின் பேச்சைத் தானே மாற்றி, படித்த மனிதரின் பேச்சாக்கினார். அந்தத் திருத்தத்துக்குள் ஒரு தன்மான இயக்கமே இருக்கிறது என்போம்.

இரவு முழுக்கப் போராடிப் பிழைப்பவர் பென் மட்டுமே. விடிகிறது. நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வெள்ளையர் படை ஒன்று வயலைத் தாண்டி வருகிறது. சத்தம் கேட்டுப் பென் ஜன்னல் ஓரம் வந்து எட்டிப் பார்க்கிறார். தூரத்திலிருந்து ஒருவன் அவரை நெற்றியில் சுடுகிறான். ஜாம்பி என்று நினைத்தார்களா? வேறு என்ன நினைத்தார்கள்? படம் சொல்வதில்லை. அதற்குப் பிறகு படம் ஓடுவதும் இல்லை, நிழற்படங்களாக உறைந்துவிடுகிறது. இறைச்சிக் கொக்கியால் அவர் உடலை இழுத்துப் போகிறார்கள், விறகின் மேல் போடுகிறார்கள். அன்றைய அமெரிக்கக் கறுப்பின மக்கள் இப்படிப்பட்ட நிழற்படங்களை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டு எரித்து, பக்கத்தில் நின்று படமெடுத்து, அஞ்சல் அட்டையாக விற்ற நாடு அது. படத்தை முடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ரொமேரோ குழு நியூயார்க்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்த இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தது.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு செய்தி. விநியோகிக்கும்போது படத்தின் பெயரை மாற்றியவர்கள் காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்துவிட்டதால், அமெரிக்காவில் அந்தப் படம் வெளியான நாளிலிருந்தே பொதுச்சொத்து. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 96 நிமிடம்தான்.

அதற்குப் பிறகு கறுப்பினக் கலைஞர்களே திகிலைக் கையில் எடுத்தார்கள். 1972இல் வில்லியம் கிரெய்ன் இயக்கிய 'பிளாக்குலா'வில் ஓர் ஆப்பிரிக்க இளவரசர், அடிமை வணிகத்தை ஒழிக்க உதவி கேட்டு டிராகுலாவிடம் போகிறார். அவரைக் கடித்துச் சவப்பெட்டியில் பூட்டிவிடுகிறான் டிராகுலா. உதவி கேட்டுப் பிரபுவிடம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல பாடம். 1973இல் பில் கன் எடுத்த 'கான்ஜா அண்ட் ஹெஸ்' படத்தில் நம் டுவேன் ஜோன்ஸே மறுபடி வருகிறார். ரொமேரோவும் 1978இல் 'டான் ஆஃப் தி டெட்' எடுத்தார். ஜாம்பிகள் வணிக வளாகத்தில் சுற்றும் படம் என்று எல்லோரும் அதைப் பாராட்டுவார்கள். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது தொடக்கம்: ஏழைக் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வாழும் குடியிருப்புக்குள் போலீஸ் புகுந்து, ஜாம்பி யார், குடியிருப்பவர் யார் என்று பார்க்காமல் சுடுகிற காட்சி.

விளையாட்டுக்கு வருவோம். 1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் முதல் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை வெளியிட்டது. அதில் ஜாம்பியை உருவாக்கியது மந்திரவாதி அல்ல, ஒரு மருந்துக் கம்பெனி. நல்ல கற்பனைதான். ஆனால் படத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. படத்தில் யார் பக்கம் நிற்பது என்று பார்வையாளர் மனதுக்குள் முடிவு செய்துகொள்ளலாம். பென்னைச் சுடும்போது நாம் பென்னாக இருக்கலாம். விளையாட்டில் துப்பாக்கியை உன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எதிரில் வருகிறவருக்குப் பேச்சு கிடையாது. நீ சுடாவிட்டால் விளையாட்டு முடிந்துவிடும்.

2007இல் 'ரெசிடென்ட் ஈவில் 5'இன் முன்னோட்டம் வந்தபோதே கறுப்பினப் பெண் பதிவர்களும் செய்தியாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு, நியூஸ்வீக்கில் விளையாட்டுகளைப் பற்றி எழுதிவந்த நிகாய் குரோல் என்ற கறுப்பினச் செய்தியாளர், அந்தப் படிமங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதை அறியாதவர்கள் செய்தது போல இது இருக்கிறது என்ற பொருளில் பேசினார். உடனே பாய்ந்தார்கள். 'ஜாம்பிக்கு ஏது நிறம்?', 'எல்லாவற்றிலும் இனத்தை ஏன் இழுக்கிறீர்கள்?' எங்கேயோ கேட்ட குரல் இல்லையா? 'எல்லாவற்றிலும் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?'

2009 மார்ச்சில் விளையாட்டு வெளியானது. ஷெவா என்ற ஆப்பிரிக்கப் பெண் நாயகனுக்குத் துணையாக வருகிறாள். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் புல்லாடையும் முகமூடியும் ஈட்டியுமாக ஒரு கூட்டம் ஓடிவருகிறது, 1930களின் காட்டுப் படங்களிலிருந்து நேராக இறங்கியது போல. கதைப்படி அந்த ஊர் மக்கள் குற்றவாளிகள் அல்ல. பெரிய கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு இரையாக்கப்பட்டு, உடலுக்குள் ஒட்டுண்ணி செலுத்தப்பட்டவர்கள். கிட்டத்தட்ட ஹைட்டி ஜாம்பிதான்: மற்றவரின் லாபத்துக்காகத் தன் உடலை இழந்தவர். கதை இப்படிச் சொல்கிறது. விளையாடுகிறவனின் விரல் வேறொன்றைச் செய்கிறது, பத்து மணி நேரமாக. விரல் எதைக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் எங்கள் கவலை. எங்கள் தம்பி கேட்டதும் அதைத்தான், கேட்டுவிட்டு அவன் தொடர்ந்து சுட்டதும் அதனால்தான்.

அதற்காக விளையாட்டே கூடாது என்று சொல்லப்போவதில்லை. 2012இல் டெல்டேல் நிறுவனம் வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' விளையாட்டு தொடங்கும்போது, நீங்கள் போலீஸ் காரின் பின்னிருக்கையில் கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பெயர் லீ எவரெட். கறுப்பர், வரலாற்றுப் பேராசிரியர், கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். கார் கவிழ்கிறது, ஜாம்பிகள் வருகின்றன. பிறகு பெற்றோரைத் தொலைத்த கிளெமன்டைன் என்ற சிறுமியைப் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. இங்கே பெரும்பாலும் சுடுவதில்லை; பேச வேண்டும், நொடிகளுக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொன்னீர்கள் என்பதை அந்தக் குழந்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு கறுப்பரின் கையில் துப்பாக்கி கொடுப்பதைவிட, அவர் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்தது பெரிய மாற்றம். இதே பெயரில் 2010 முதல் 2022 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடருக்கு இதில் பாதி துணிச்சல்கூட முதல் சில ஆண்டுகளில் இல்லை. அதில் வந்த டி-டாக் என்ற கறுப்பருக்கு எத்தனை வசனம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதையெல்லாம் வரலாறாக எழுத முடியும் என்று நமக்குக் காட்டியவர் ராபின் ஆர். மீன்ஸ் கோல்மன். 2011இல் வந்த அவருடைய 'ஹாரர் நுவார்' நூல், 1890களிலிருந்து அமெரிக்கத் திகில் படங்களில் கறுப்பின மக்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொகுக்கிறது. 2019இல் அது ஆவணப்படமாகவும் வந்தது. நம் ஆய்வு மாணவர்கள் யாராவது தமிழ்ப் பேய்ப் படங்களை இப்படி வரிசையாக எடுத்துப் பார்க்கக் கூடாதா?

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020இல் வந்த 'லவ்கிராஃப்ட் கன்ட்ரி' தொடரில், பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்றால் தூக்கில் போடுவேன் என்று மிரட்டுகிற ஷெரிஃப், காட்டில் இருக்கும் பூதத்தைவிடக் கொடியவன். அப்படிப்பட்ட ஊர்கள் அமெரிக்காவில் உண்மையில் இருந்தன. அந்தக் காட்சியில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் அடுத்த ஆண்டு வந்த 'தெம்' தொடரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் மேல் இழைக்கப்படும் கொடுமையை இன்ச் இன்ச்சாகக் காட்டினார்கள். கறுப்பின விமர்சகர்களே கொதித்துப்போனார்கள்: எங்கள் வலி யாருக்கான காட்சி? எங்களால் அந்தத் தொடரை முழுதாகப் பார்க்க முடியவில்லை. வன்கொடுமை நடந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் காணொளிகளை நாமும் நீதி கேட்டுத்தான் பகிர்கிறோம். பெரால்த்தின் பிணத்தைப் படமெடுத்தவர்களும் பகிரத்தான் செய்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு வாரம் சண்டை போட்டோம். முடிவு எட்டவில்லை.

கடைசியாக 'கெட் அவுட்'. 2017, ஜோர்டன் பீல். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். (பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.) கிறிஸ் என்ற கறுப்பின இளைஞன் தன் வெள்ளைக் காதலியின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறான். எல்லோரும் முற்போக்கானவர்கள், ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள். தோட்டத்தில் சிரித்துப் பேசி விளையாடுவது போலவே சத்தமில்லாமல் அவனை ஏலம் விடுகிறார்கள். அவன் உடலுக்குள் ஒரு வெள்ளையரின் மூளை குடியேறும். அவனுடைய நினைவு மட்டும் ஒரு பள்ளத்துக்குள் விழுந்து, தன் உடல் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடக்கும். 85 ஆண்டுகள் கழித்து ஜாம்பி சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது. கடி இல்லை, கூட்டம் இல்லை. உடல் ஒருவனுடையது, உரிமை இன்னொருவனுடையது. கிறிஸ் எப்படித் தப்பிக்கிறான்? கட்டிவைத்த நாற்காலியைப் பிறாண்டி, அதற்குள்ளிருந்த பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு. அவன் முன்னோரை அடிமைகளாக எடுக்கவைத்த அதே பஞ்சு.

இந்தப் படத்தைப் படிப்பகத்தில் போட்டோம். ரெசிடென்ட் ஈவில் விளையாடிய அந்தத் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கடைசிக் காட்சியில் கிறிஸ் எல்லோரையும் வீழ்த்திவிட்டு நடுரோட்டில் நிற்கிறான். பக்கத்தில் குண்டடிபட்ட வெள்ளைப் பெண். தூரத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழலும் கார் ஒன்று வருகிறது. மற்ற எந்தப் படத்திலும் அந்த விளக்கைப் பார்த்தால் அப்பாடா என்றிருக்கும். கிறிஸ் மெல்ல இரண்டு கைகளையும் தூக்குகிறான். வருவது போலீஸ் இல்லை, அவனுடைய நண்பன் என்பது அடுத்த நொடியில்தான் தெரியும். போலீஸே வந்து அவனைச் சிறைக்குக் கொண்டுபோகும் முடிவையும் பீல் முதலில் எடுத்து, பிறகு மாற்றினார்.

அந்த ஒரு நொடியில் படிப்பகத்தில் ஒரு சத்தம் இல்லை. பிறகு முன்வரிசையிலிருந்து அந்தத் தம்பியின் குரல் வந்தது.

"போச்சுண்ணே. போலீஸ் வந்துட்டான்."